நாயக் விநாயகமும் மில் நாயும்

என் இடது தொடையில் நான்கு பல் தடங்கள் உண்டு. அந்த நாய் என்னைக் கடித்தது அறுபத்தாறாம் வருடம் குடியரசு தினத்தன்று, காலை பத்தரை மணிக்கு, பாதி செஞ்சி கூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது. நாயின்மேல் எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை. விநாயகம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவரும் காதில் வாங்கவில்லையே என்றுதான் வருத்தம். ஒருவரும் என்பதில் நானும் அடக்கம்.

விநாயகத்துக்கு ஊர் சிங்கவரம். பதினெட்டு வயதில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். பதினான்கு வருடம் கோவேறு கழுதைகளோடு மலையேறினார். பிறகு மீரட்டில் ராணுவத்துக்கு நாய் பழக்க ஆரம்பித்தபோது, மிருகங்களிடம் கை பதமாக இருக்கிறது என்று இவரையும் அனுப்பினார்கள். அங்கே ஷேரா என்ற அல்சேஷன் நாய் இவர் பொறுப்பில் இருந்தது. சீனச் சண்டையின்போது வடகிழக்கு எல்லையில் பனியில் நடந்து இவருக்கு வலது காலில் மூன்று விரல் போயிற்று. விரல் இல்லாதவனுக்குப் பட்டாளத்தில் என்ன வேலை? அறுபத்து நான்கில் ஒரு இரும்புப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்.

பட்டாளத்தில் அவருடைய பதவி நாயக். சட்டைக் கையில் இரண்டு பட்டை போட்ட பதவி. ஊரில் யாருக்கும் அது புரியவில்லை. நாய் பழக்கினவர், அதனால் நாயக் என்று நினைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் "நாய்க்காரரே" என்று கூப்பிடுவார்கள். "நாயக். அது வேற, இது வேற. லான்ஸ் நாயக்குக்கு மேல, ஹவில்தாருக்குக் கீழ" என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார். மெட்ராஸ் போலீஸ் நாய்ப் படைக்கு எழுதிப் போட்டார். வயது கடந்துவிட்டது, கால் சரியில்லை என்று பதில் வந்தது. ஒரு வருடம் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்கு வராத காரியம்.

நான் மேல்சித்தாமூர்க்காரன். பெயர் குந்துநாதன். எங்கள் சமணக் குடும்பத்து ஆண்களை ஊரில் நயினார் என்று அழைப்பார்கள். அது பேச்சில் நைனாரு ஆகிவிடும். அப்போது செஞ்சிக் கடைவீதியை ஒட்டி வெங்கடரமணன் என்பவருக்கு மல்லாட்டை மில் ஒன்று இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வது. அங்கே கிடங்குச் சாவி என்னிடம் இருந்தது. வரும் மூட்டையை அடுக்குவதும் போகும் மூட்டையைப் பார்த்து விடுவதும் என் வேலை.

அறுபத்தைந்தில் மழை பொய்த்தது. பயறு, பருப்பு எல்லாமே அரிதாயிற்று. எங்கள் கிடங்கில் மூட்டைகள் இளைக்கத் தொடங்கின. தையல் பிரிக்காமல், மூலையில் குத்தூசியால் ஓட்டை போட்டு மல்லாட்டைப் பருப்பை உருவிவிடுவார்கள். முதலாளிக்கு யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியவில்லை, அதனால் எல்லோரையும் சந்தேகப்பட்டார். அந்த நேரத்தில்தான் குன்னூரில் வேலையாக இருந்த அவருடைய மாப்பிள்ளை, சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்துரையிடமிருந்து இரண்டு வயது நாய் ஒன்றை வாங்கிக் காரில் கொண்டுவந்து விட்டார். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, நான்கு கால் நுனியிலும் வெள்ளை, பாதி மடிந்த காது. முதலாளி அன்றே விநாயகத்துக்கு ஆள் அனுப்பினார்.

விநாயகம் வந்தார். நாயின் முகத்தை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்தார். புறங்கையை நீட்டினார். நாய் முகர்ந்துவிட்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

"இன்னா விநாயகம், எப்படி இருக்குது? டைகர்னு பேர் வெச்சிருக்கேன்" என்றார் முதலாளி.

"இது பொட்டை மொதலாளி."

"இருக்கட்டுமே. பேரு வெச்சாச்சு. ஆறு மாசம் டைம் எடுத்துக்கோ. மில்லுக்குள்ள அன்னிய ஆள் காலு வெச்சா தொடைய கவ்வணும்."

"இது ஆடு மேய்க்கிற ஜாதி மொதலாளி. ஆளைப் புடிக்காது."

முதலாளி சிரித்தார். "அல்சேஷன் கூட ஆடு மேய்க்கிற ஜாதின்னு நீதான டீக்கடையில சொன்ன? அதுதான இப்ப போலீஸ்ல திருடன புடிக்குது?"

"சொன்னேன். ரெண்டும் ஆடு மேய்க்கிறதுதான். ஆனா மேய்க்கிற விதம் வேற." விநாயகம் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஜெர்மன்காரன் ஊர்ல ஆடு பயிருக்குப் பக்கத்துலயே மேயும். வேலி இருக்காது. நாய்தான் வேலி. வரப்பு மேல ஓடிக்கினே இருக்கும். தாண்டின ஆட்டை வாய் நெறைய அமுக்கிப் புடிச்சி, நிறுத்திட்டு, காயம் இல்லாம விட்டுடணும். அப்பிடி வாய் கெட்டியா இருக்கிறதா, எதுத்தா பின்வாங்காததா பாத்துப் பாத்து எடுத்தாங்க. அதான் பட்டாளத்துக்கு ஒத்து வந்துது. இது இங்கிலீஷ்காரன் மலைநாட்டு நாய். ஆடு ஒரு மைல் தள்ளி செதறி மேயும். இது வளைச்சிப் போயி, கண்ணால முறைச்சே ஒட்டுமொத்தமா ஓட்டிக்கினு வரணும். ஆட்டு மேல பல்லு பட்டா அந்த நாயை வெச்சிக்க மாட்டான். கடிக்காததா பாத்துப் பாத்து எடுத்த ஜாதி இது."

முதலாளி மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "பல்லு இருக்குது இல்ல? அப்புறம் இன்னா. நீ பழக்கு."

மறுநாளே விநாயகம் வேலைக்கு வந்துவிட்டார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகு கையில் ஒரு நாய்ச் சங்கிலி கிடைத்திருக்கிறது. விட மனசு வரவில்லை. இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

முதலில் சோதனை வைத்தார். மூட்டை தூக்கும் ஆட்களில் தனகோட்டி என்று ஒருவன், வாட்டசாட்டமானவன். அவன் கையில் கிழிந்த சாக்குகளைச் சுற்றிக் கட்டி, தடி கொடுத்து, திருடன்போல நாயை நோக்கி வரச் சொன்னார். அவன் கத்திக்கொண்டு முன்னேறியதும் டைகர் குரைக்கவில்லை, உறுமவில்லை. பக்கவாட்டில் விலகி, பெரிய வட்டம் போட்டு, அவன் முதுகுப்புறம் போய் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு அவனையே பார்த்தது. அவன் திரும்பித் தடியை ஓங்கினான். அது இன்னும் பத்தடி விலகிப் படுத்தது. வால் கால்களுக்கிடையே போய்விட்டது. "ஓடு" என்றார் விநாயகம். தனகோட்டி ஓடினான். நாய் சுற்றிப்போய் முன்னால் நின்று அவனை மடக்கி, இடமும் வலமும் மாறி மாறி அடைத்து, விநாயகத்தின் காலடிக்கே கொண்டுவந்து நிறுத்தியது. சாக்கில் ஒரு பல்கூடப் படவில்லை. மில் ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

விநாயகம் சிரிக்கவில்லை. "பாத்தியா நைனாரே? முன்னால வந்து அழுத்தினா விலகுது. அதான் அதோட பிறவி. ஷேரா இருந்திருந்தா இன்னேரம் சாக்கோட கையக் கவ்வித் தொங்கியிருக்கும். விடுன்னு சொன்னா விடவும் விட்டிருக்கும். கடிக்கிறது பெரிசில்ல, சொன்னதும் விடறதுதான் பெரிசு. பயத்துல கடிக்கிற நாய்க்கு விடத் தெரியாது."

மற்றபடி அந்த நாய் கற்றுக்கொண்ட வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வாரத்தில் விசில் சத்தத்துக்கு இடம் திரும்பியது, வலம் திரும்பியது, ஓடுகிற ஓட்டத்தில் அப்படியே படுத்தது. பலகைமேல் நடந்தது. அடுக்கிய மூட்டைகளை ஏறித் தாண்டியது. கிடங்கில் நான் ஒளித்து வைத்த சாவிக்கொத்தைத் தேடி எடுத்துவந்து விநாயகத்தின் கையில் கொடுத்தது. அதற்கு நான் வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியும் தயிரும் கொண்டுவருவேன். அதையும் ருசித்துத் தின்றது.

விநாயகம் முதலாளியிடம் போய்ச் சொன்னார்: "மெட்ராசுல வருசா வருசம் நாய்ப் போட்டி வெக்கிறாங்க மொதலாளி. சொன்ன பேச்சு கேக்கறதுக்குத் தனியா பிரைஸ் இருக்குது. இத்த கூட்டிக்கினு போனா கப்பு நமக்குத்தான். காவலுக்கு ரெண்டு நாட்டு நாய் வாங்கிக் கட்டுங்க. சத்தம் போடறதுக்கு அது போதும். அப்புறம் கிடங்குக்குப் பின்னால செவுரு ஒடஞ்சி ஆள் நுழையற அளவுக்கு ஓட்டை இருக்குது. மொதல்ல அத்த அடைக்கணும்."

சுவரைப் பற்றிச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. முதலாளிக்கு முகம் சுருங்கியது. "செவுத்த பத்தி உன்ன கேட்டனா? நாய கேட்டேன். ஊரெல்லாம் சொல்லிட்டேன், மில்லுல புலி கட்டியிருக்குதுன்னு. கப்பு வாங்கறதுக்கா நான் நாய் வளக்கறேன்?"

சுவர் ஓட்டை எனக்கும் தெரியும். கிடங்குச் சாவி வைத்திருப்பவன் நான். விநாயகம் சொன்னபோது, ஆமாம் மொதலாளி, நானும் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

விநாயகத்தின் மனைவி ராஜம்மாளுக்கும் எரிச்சல். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர் என் எதிரிலேயே கேட்டார்: "பட்டாளத்துல இருந்து வந்தவரு, ஒரு நாய கடிக்க வெக்க முடியலியான்னு கொழாயடியில கேக்கறாங்க. இன்னா சொல்றது நானு?"

"முடியலன்னு சொல்லு."

"அதெப்படி முடியாம போவும்? கொஞ்சம் மொளகாப்பொடி வெச்சா எந்த நாயும் கடிக்கும்னு சொல்றாங்க."

விநாயகம் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிப் பலகைமேல் வைத்தார். "உனக்கும் வெச்சா நீயும்தான் கடிப்ப. அதுக்குப் பேரு காவலா?" அன்று அவர் சாப்பிடவில்லை.

தை மாதம் வந்தது. குடியரசு தினத்துக்குக் கோட்டைக்குப் போகிற சாலையோர மைதானத்தில் கடைவீதி வியாபாரிகள் சேர்ந்து விளையாட்டுப் போட்டி ஏற்பாடு செய்தார்கள். சாக்கு ஓட்டம், உறியடி, கயிறு இழுப்பு. அதோடு ஒரு புதுமையாக எங்கள் முதலாளியின் நாய் திருடனைப் பிடித்துக் காட்டும் என்று நோட்டீசே அடித்துவிட்டார்கள். நோட்டீசைப் பார்த்துத்தான் விநாயகத்துக்கே விஷயம் தெரிந்தது. நேரே முதலாளியிடம் போனார்.

"நாய் ஓடும், தாண்டும், விசிலுக்கு நிக்கும். அத்த காட்டறேன். ஆள் மேல விட மாட்டேன். அத்தனை கூட்டம், மேளம், வெடிச்சத்தம். பயந்துடும்."

"உன்னால முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆளு இருக்குது."

"முடியாது மொதலாளி."

அந்த வாரம் அனந்தபுரத்தில் ராஜம்மாளின் தங்கை வீட்டில் காதுகுத்து. தான் மறுத்துவிட்டதால் நாயை ஆள்மேல் விட மாட்டார்கள் என்று நம்பி விநாயகம் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். நாய்க்கு என்ன கொடுக்க வேண்டும், எப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பஸ் ஏறிய மத்தியானமே முதலாளி நாயைத் தனகோட்டியிடம் ஒப்படைத்தார்.

தனகோட்டி அதைப் பழைய எண்ணெய்ச் செக்கு இருந்த இருட்டறையில் கட்டிப் போட்டான். சோறு இல்லை. காலையிலும் சாயங்காலமும் இரண்டு பேர் சாக்கு போர்த்திக்கொண்டு உள்ளே போய்த் தடியால் தரையிலும் அதன் விலாவிலும் அடிப்பார்கள். மூன்றாம் நாள் அது சாக்கைக் கவ்வியது. "பாத்தியா நைனாரே, பட்டாளத்துக்காரருக்கு ஆறு மாசம், எனக்கு மூணு நாளு" என்று தனகோட்டி வந்து சொன்னான். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நாய் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. உதடு மட்டும் மேலே ஏறிப் பல் தெரிந்தது. அதற்குச் சோறு போடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். நானும் திரும்பி வந்து மூட்டை அடுக்கினேன்.

குடியரசு தினத்தன்று காலை பஸ்ஸில் விநாயகம் வந்து இறங்கினார். மைதானத்துக்கு அவர் வந்தபோது தனகோட்டி நாயைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு நடுவில் நின்றான். ஒலிபெருக்கி அலறியது. மேளக்காரர்கள் ஒரு சுற்று அடித்து நிறுத்தினார்கள். மூங்கில் தட்டி வேலிக்கு இந்தப்பக்கம் நான் நின்றிருந்தேன். விநாயகம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "யாரு இத்த இப்பிடிப் பண்ணது? கூட்டிக்கினு போங்க அத்த. நைனாரே, சொல்லு நீ" என்றார். முதலாளி மேடையிலிருந்து கையைக் காட்டினார். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

சாக்கு போர்த்தியவன் தடியோடு வந்தான். யாரோ சரவெடி கொளுத்திப் போட்டார்கள். நாய் பின்வாங்கியது. பின்வாங்க இடமில்லாமல் தட்டியில் வந்து மோதியது. தனகோட்டி சங்கிலியை விட்டுவிட்டான். நான்கு நாளைக்கு முன்பே வாய் திறந்திருக்க வேண்டிய நான், இப்போது தட்டியைத் தாண்டிக் குனிந்து பின்பக்கமாகச் சங்கிலியைப் பிடிக்கப் போனேன். அது திரும்பி என் தொடையில் பற்றிக்கொண்டது. சாக்குக்காரன் எதிரில் நின்றிருந்தான், அவனைத் தொடவில்லை. அவனைப் பார்த்த பயத்தில் என்னைப் பிடித்தது. பிடித்துவிட்டு விடவும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

விநாயகம் வந்து மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே மெல்ல ஏதோ இந்தியில் சொன்னார். வெகு நேரம்போல இருந்தது. பிறகு பல் விலகியது.

ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றார்கள். நாயைக் கொல்லக் கூடாது, பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதனால்தான் அது பிழைத்தது. முதலாளி அன்று மாலையே அடித்துப் புதைக்கச் சொல்லியிருந்தார். என் அம்மா தர்மவதி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். முதலாளி அனுப்பிய ஆளிடம், "பத்து நாள் கழிச்சியும் அத்த தொடக் கூடாது. என் புள்ளைய கடிச்சதுக்கு நான் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினார்.

முதலாளி பழியை விநாயகத்தின்மேல் போட்டார். ஆறு மாதம் பழக்கியும் ஆள் தெரியாமல் கடிக்கிற நாயாக ஆக்கிவிட்டான் என்று கடைவீதியில் சொன்னார். மக்களும் நம்பினார்கள். விநாயகம் மில்லுக்குப் போய், "நாயை நான் கூட்டிக்கினு போறேன். இனிமே வர மாட்டேன்" என்றார். "கூட்டிக்கினு போ, சனியன்" என்றார் முதலாளி. சுவர் ஓட்டை அப்படியே இருந்தது. பருப்பு போய்க்கொண்டே இருந்தது. அது யார் வேலை என்று கடைசிவரை தெரியவில்லை.

நான் ஊசி போட்டுக்கொள்ள வரும் ஒவ்வொரு நாளும் விநாயகம் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ நான் கேட்டேன்: "இருட்டறையில அடிச்சது எனக்குத் தெரியும்ணா. அன்னிக்கே அனந்தபுரத்துக்கு வந்து சொல்லியிருக்கணும். என் மேல கோவமா?"

"இருக்குது" என்றார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்.

நாய் தேறுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. பிறகு விநாயகம் அதற்கு ஒரு வேலை தேடினார். ஆடு மேய்க்கிற ஜாதியை ஆட்டிலேயே விடுவோம் என்று, கோட்டை மலையான ராஜகிரிக்குப் பின்புறம் மேய்த்துக்கொண்டிருந்த இளையபெருமாள் என்ற கீதாரியிடம் பேசினார். வயல்களில் ஆட்டுக் கிடை போடுகிறவர், எழுபது எண்பது செம்மறி வைத்திருந்தார். நானும் தாங்கித் தாங்கிக் கூடப் போனேன். விநாயகம் விசில் கொடுத்தார். நாய் வில்லிலிருந்து விட்டதுபோலப் போயிற்று. அழகான வளைவு. ஆனால் அந்த ஆடுகள் அப்படி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லை. ஓநாய் வந்துவிட்டது என்று நான்கு பக்கமும் சிதறின. ஒன்று கோட்டை அகழிச் சரிவில் உருண்டு முன்னங்காலை ஒடித்துக்கொண்டது.

இளையபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க ஆடு ஆளு முன்னால நடந்தா பின்னால வரும்யா. பின்னால இருந்து தொரத்தினா அதுக்கு இன்னா தெரியும்? எங்களுக்கு நாய் எதுக்கு? நரிய வெரட்ட ஒண்ணு இருக்குது, அது பாட்டுக்குப் படுத்திருக்கும்."

அவர் சொன்னது சரி என்று விநாயகத்துக்குத் தெரிந்தது. அதுதான் அவரை மேலும் நோகடித்தது. ஆட்டின் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு, "இத்தனை புத்தி வெச்சிக்கினு எதுக்கும் ஒதவாத எடத்துல வந்து மாட்டியிருக்குது பாரு" என்றார். நாயைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

வாத்து யோசனை ராஜம்மாளுடையது. வல்லத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வந்தவர், அறுவடையான வயல்களில் ஆரணிப் பக்கத்து வாத்துக்காரர் ஒருவர் வாத்து மேய்ப்பதைப் பார்த்திருக்கிறார். ஏரிக்குள் இறங்கிவிட்ட வாத்துகளைக் கரையேற்ற இரண்டு பேர் கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்துகிறார்களாம்.

வாத்துக்காரர் பெயர் தங்கராசு. நானூறு வாத்து. முன்பற்கள் நான்கும் இல்லாதவர். விநாயகம் சொன்னதைக் கேட்டு, "என் வாத்து மெரண்டா முட்டை போடாது, வேணாம் சாமி" என்றார். விநாயகம் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். சாயங்காலம் வெயில் தாழ்ந்து வாத்துகள் ஏரி நடுவில் சிதறி மிதந்துகொண்டிருந்தபோது, போனால் போகிறது, ஒருதடவை விடு என்றார் தங்கராசு.

நாய் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது. தலை மட்டும் தெரிந்தது. ஏரியின் தூரக் கரையை ஒட்டி நீந்திப் போய் வாத்துகளுக்கு அந்தப்பக்கம் வந்தது. விநாயகம் ஒரு நீண்ட விசில் கொடுத்தார். அது வேகத்தைக் குறைத்தது. வாத்துகள் கழுத்தை நீட்டி, ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே பாயாகி எங்கள் பக்கம் நகர்ந்து வந்தன. ஒரு வாத்துகூடச் சிறகடிக்கவில்லை. பின்தங்கிய இரண்டுக்காக அது மறுபடி சுற்றிப் போய் அவற்றையும் சேர்த்துக்கொண்டது. எல்லாம் கரையேறியதும் வயிற்றைச் சேற்றில் பதித்துப் படுத்து, அடுத்து என்ன என்று விநாயகத்தைப் பார்த்தது.

தங்கராசு வாத்துகளுக்கு நடுவே ஒரு நடை நடந்து பார்த்தார். பிறகு, "நாளைக்கும் இட்டுக்கினு வா" என்றார்.

மூன்று வாரம் தினமும் பஸ் ஏறி வல்லம் போனார் விநாயகம். நாய்க்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை, தங்கராசுவுக்குத்தான். பல் இல்லாததால் அவருக்கு விசில் வரவில்லை. காற்றுதான் வந்தது. நாய் குழம்பி நின்றது. விநாயகம் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தார். கடைசியில் "உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதுக்கு அந்தப் பட்டாளத்துக் கழுதைங்களே தேவல" என்று கத்திவிட்டு, செஞ்சிக் கடைவீதியில் தகர விசில் ஒன்று வாங்கி வந்து அவர் கழுத்தில் மாட்டினார். அதற்கப்புறம் சரியாயிற்று.

சித்திரையில் வயல்கள் காய்ந்தன. தங்கராசு வடக்கே கிளம்ப வேண்டும். நாயைக் கேட்டார். விநாயகம் இரண்டு நாள் தள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் ராஜம்மாள்தான் சொன்னார்: "அங்க போனா அதுக்கு வேலை இருக்குது. இங்க நீயும் அதுவும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கினு உக்காந்திருக்கணும்."

கொடுத்துவிட்டார். வாத்துகள் சாலையோரமாக நகர, நாய் பின்னால் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. தங்கராசு விசில் ஊதினார். அது போய்விட்டது. "சரியா ஊதினாரு" என்றார் விநாயகம். அன்று முழுக்க யார்மேலோ கோபமாக இருந்தார். அந்த வாத்துக் கூட்டம் அடுத்த வருடம் வேறு பக்கம் போய்விட்டது. நாயைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

அறுபத்தேழில் செஞ்சிக் கால்நடை மருந்தகத்தில் விநாயகத்துக்கு உதவியாள் வேலை கிடைத்தது. மாடு பிடிப்பது, ஊசி கழுவுவது, மருந்து கலப்பது. நானும் மில்லை விட்டுவிட்டேன். மேல்சித்தாமூரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். செஞ்சிக்கு வந்தால் மருந்தகத்தில் ஒரு அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போவேன்.

அறுபத்தொன்பதில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது வெங்கடரமணன் காரில் வந்து இறங்கினார். பெங்களூரிலிருந்து வாங்கிய அல்சேஷன், எட்டு மாத ஆண் நாய். இந்த முறை ஜாதி சரியாகத்தான் இருந்தது. காது நிமிர்ந்து, நெஞ்சு அகன்று, பார்த்தாலே ஆள் ஒதுங்குவான். டாக்டர் வெளியூர் போயிருந்தார்.

"இப்ப இன்னா சொல்ற விநாயகம்?" என்றார் முதலாளி.

விநாயகம் நாயை நடக்க வைத்தார், ஓட வைத்தார், உட்கார்ந்து எழ வைத்தார். இடுப்பெலும்பைக் கையால் அழுத்திப் பார்த்தார். நாய் முகத்தைத் திருப்பி அவர் கையை நக்கியது. "மனசு நல்ல மனசு. எதுத்து நிக்கும். ஆனா ஓடறப்ப பின்னங்கால் ரெண்டையும் ஒண்ணா எடுத்து வெக்குது, மொயலு மாதிரி. இடுப்பு மூட்டு சரியில்ல மொதலாளி. தாண்ட வெச்சா, ஆளைப் புடிக்க ஓட வெச்சா ரெண்டு வருசத்துல எழுந்திருக்காது. வீட்டோட வெச்சிக்குங்க. அலைய விடாதீங்க."

முதலாளியின் முகம் சிவந்தது. "நீ எந்த நாயத்தான் நல்லதுன்னு சொல்லியிருக்க?"

"ஒண்ண சொன்னேன். நீங்க கேக்கல."

வெங்கடரமணன் சங்கிலியை வெடுக்கென்று இழுத்தார். விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். காரில் தாவ முடியாமல் அந்த நாயின் பின்பகுதி சரிந்தது. டிரைவர் தூக்கி உள்ளே போட்டார்.

விநாயகம் ஊசியைக் கொதிநீரில் போட்டார். இடுக்கியால் தேவைக்குமேல் சத்தமாகத் தட்டினார். "வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் நைனாரே. சொல்லி இன்னா ஆச்சு? அந்த நாய இன்னிக்கே தாண்ட விடுவாரு."

"விடுவாரு" என்றேன்.

வெளியே நொண்டும் ஆட்டோடு ஒரு அம்மாள் வெகு நேரமாகக் காத்திருந்தார். விநாயகம் கையைத் துடைத்துக்கொண்டு, விரலில்லாத காலை இழுத்து வைத்து வாசலுக்குப் போனார். "எந்தக் காலும்மா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்தார்.